எந்த பாய்லரும் தாங்காத தண்ணீர்

17, லார்க்ஹில் சாலை,
ஹிச்சின்.
ஜனவரி 30, வியாழன், காலை 10.20

பேரன்புக்கும், நேற்றுத் தபால் வரும்வரை பெருமதிப்புக்கும் உரிய மைத்துனர் கோர்டன் அவர்களுக்கு,

உங்கள் தங்கை மாரியனின் கணவன் டெஸ்மண்ட் எழுதிக்கொள்வது. நலமா என்று கேட்டுத் தொடங்குவதுதான் முறை. கேட்கப் போவதில்லை. நீங்கள் எவ்வளவு நலம் என்பதைத்தான் உங்கள் தபால் அட்டையில் நுணுக்கி நுணுக்கி எழுதியிருக்கிறீர்களே! "ஹாலிஃபாக்ஸ் தண்ணீர் மாரியனுக்கு நன்றாக ஒத்துக்கொண்டது. தலைமுடி பட்டு மாதிரி ஆகிவிட்டது. சோப்பைக் காட்டினாலே நுரை வருகிறது. பாய்லரை நிதானமாகப் பார்த்து வாங்குங்கள், இங்கே ஒன்றும் அவசரமில்லை." அவசரமில்லையாம்! இருபத்தாறு நாளாக வீட்டுக்குள் கம்பளித் தொப்பியும் ஓவர்கோட்டுமாக உட்கார்ந்திருப்பவன் நான். மூக்கு அடைத்து மூன்று வாரத்துக்கு மேலாகிறது. வாசனை தெரியவில்லை, ருசி தெரியவில்லை, போதாததற்கு எந்நேரமும் நெஞ்செரிச்சல். அவசரமில்லை என்று எனக்கு எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? நாற்பத்தோரு வருஷம் என்னோடு குடித்தனம் செய்தவளை ஒரு சோப்பு நுரையைக் காட்டி மடக்கிப் போட்டுவிட்டீர்கள் என்றுதான் நான் சொல்வேன்.

நடந்ததை மாரியன் ஒருவிதமாகச் சொல்லியிருப்பாள். என் பக்கத்தையும் கேளுங்கள். எங்கள் பாய்லருக்கு வயது இருபத்துமூன்று. இரண்டு வருஷமாகவே அது சோளம் பொரிகிற மாதிரி சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. உள்ளே சுண்ணாம்பு படிந்தால் அப்படித்தான் சத்தம் வரும், ஆளைக் கூப்பிடுங்கள் என்று அவள் சொன்னது உண்மை. சத்தம் போடுகிற வரைக்கும் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம் என்று நான் சொன்னதும் உண்மை. ஜனவரி 4, சனிக்கிழமை காலை 8.42-க்கு அது சத்தத்தை நிறுத்தியது. அந்த நேரத்தில் உங்கள் தங்கை தலையில் ஷாம்புவோடு குளியலறையில் நின்றாள். ஷாம்பு நுரையோடு என்று எழுதலாம்தான், ஆனால் எங்கள் ஊர்த் தண்ணீரில் நுரை எங்கே வருகிறது? பனிக்கட்டித் தண்ணீர் தலையில் விழுந்ததும் அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு மிஸஸ் பெக் தன் பூனையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடிவந்துவிட்டாள். பத்தரை மணிக்கு டாக்ஸி வாசலில் நின்றது. "டெஸ்மண்ட், வெந்நீர் வந்தாத்தான் நான் வருவேன். ரெண்டு வருஷமா சொன்னேன், காதுல போட்டுக்கிட்டீங்களா? இனிமே நீங்களாச்சு, உங்க பாய்லராச்சு. ஆனா ஒண்ணு, என் துண்டு அலமாரியில மட்டும் கை வெச்சீங்க, தெரியும் சேதி" என்றாள், போனாள். அன்றிலிருந்து ஒரு போன் கூட இல்லை. வெந்நீர் வராமல் நான் எந்த முகத்தோடு போன் செய்வேன்?

போகும்போது டாக்ஸிக்காகக் காத்திருந்த ஐந்து நிமிஷத்தில் ஒரு காகிதத்தில் வீட்டு வேலைப் பட்டியல் எழுதி என் கையில் திணித்துவிட்டுப் போனாள். அதை ஃபிரிட்ஜ் கதவில், ஸ்கார்பரோ கடற்கரையில் வாங்கிய கழுதை உருவக் காந்தத்தை வைத்து ஒட்டியிருக்கிறேன். முப்பத்துநாலு வருஷம் ரயில்வேயில் கால அட்டவணைப் பிரிவில் வேலை பார்த்தவன் நான். எழுதியிருந்தால் எழுதியபடி செய்வேன், ஏன் எதற்கு என்று கேட்கிற வழக்கமே கிடையாது. திங்கள்: வீடு பெருக்கித் துடைக்கவும். செய்தேன். செவ்வாய் காலை: குப்பைத் தொட்டியை வெளியே வைக்கவும், அசேலியாச் செடிக்கு அரைக் குவளை மழைத் தண்ணீர், கெட்டிலில் இரண்டு கப் வெள்ளை வினிகரும் அதற்கு மேல் தண்ணீரும். ஊற்றினேன். செவ்வாய்: பாய்லர் ஆட்களை வரச் சொல்ல இதுதான் நல்ல நாள், வீடு பார்க்க லட்சணமாக இருக்கும். வரச் சொன்னேன். ஒரு வரி பிசகவில்லை. இதைவிட அடங்கிய கணவன் ஹாலிஃபாக்ஸில் எத்தனை பேர் இருக்கிறார்கள், சொல்லுங்கள் பார்ப்போம்!

முதல் செவ்வாய் வந்தவன் டோபி. கூர்மூக்கு ஷூவும் கையில் டேப்லெட்டுமாக ஒரு பெரிய கம்பெனி அனுப்பிய ஆள். வந்ததும் மாடிக்குப் போய், வெந்நீர்த் தொட்டி இருக்கும் அந்தத் துண்டு அலமாரியைத் திறந்து பார்த்துச் சிரித்தான். "சார், தொட்டியெல்லாம் இன்னமுமா வெச்சிருக்கீங்க? காம்பி பாய்லர் போட்டுடுங்க. குழாயைத் திறந்த மாத்திரத்துல அப்பப்ப சூடு பண்ணிக் கொடுத்துடும். இந்த அலமாரி மொத்தமா காலியாயிடும், உள்ள ஒரு ஆபீஸே போடலாம்" என்றான். "நான் ரிட்டயர் ஆகி ஆறு வருஷமாச்சு, எனக்கெதுக்கு ஆபீஸ்?" என்றேன். "அப்ப யோகா பண்ணுங்க சார்" என்றான். அலமாரிக்குள்ளா? அந்தத் தொட்டிச் சூட்டில்தான் உங்கள் தங்கை துண்டுகளைக் கதகதப்பாக வைத்திருப்பாள் என்பதை இவனுக்கு எப்படிச் சொல்வது? சரி, நம் ஊர் சுண்ணாம்புத் தண்ணீருக்குக் காம்பி தாங்குமா என்று கேட்டேன். "எங்க பாய்லர் கல்லைக் குடுத்தாக்கூட ஜீரணிக்கும் சார்" என்று மார்தட்டினான். வந்தவருக்கு டீ கொடுக்காமல் விட்டால் நன்றாக இருக்குமா? போட்டுக் கொடுத்தேன். வழக்கம்போல் மேலே ஆடை மிதந்தது, வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக, திட்டுத் திட்டாக. எங்கள் தண்ணீரில் டீ போட்டால் மேலே சுண்ணாம்பு மிதக்கும், அது ஊரறிந்த விஷயம். "மன்னிக்கணும், எங்க தண்ணி அப்படித்தான்" என்று நானே முந்திக்கொண்டேன். ஒரு வாய் குடித்தான். அவன் முகத்தில் என்ன நடந்தது என்று எனக்கு விவரிக்கத் தெரியவில்லை.

"இது... உங்க குழாய்த் தண்ணியா சார்?"

"வேற யார் வீட்டுக் குழாய்?"

"நான் ஆபீஸ்ல கலந்து பேசிட்டுச் சொல்றேன் சார்."

"கலந்து பேச என்ன இருக்கு? கல்லைக்கூட ஜீரணிக்கும்னீங்களே?"

"கல்லை ஜீரணிக்கும் சார்" என்றான். எழுந்தான், போனான். வந்தது 11.07, போனது 11.31. அதற்குப் பிறகு போனை எடுக்கவேயில்லை. என்ன அக்கிரமம்!

இரண்டாவது செவ்வாய் வந்தவர் சிட்னி கிளெக், நாற்பத்தைந்து வருஷம் இதே தொழிலில் ஊறியவர். எல்லோரும் அவருக்குத் தலைவர்தான். காம்பி என்று நான் வாயைத் திறந்ததும் கையெடுத்துக் கும்பிடாத குறையாகத் தடுத்தார். "நம்ம ஊர்லயா தலைவரே? அதுக்குள்ள தகடு தகடா அடுக்கி சின்னதா ஒரு பெட்டி இருக்கும். நம்ம தண்ணி அதை ரெண்டே வருஷத்துல அடைச்சுப்புடும். கம்பெனிக்காரன்கிட்ட போனீங்கன்னா வாரண்டி அட்டையில கடைசிப் பக்கத்தைக் காட்டுவான். எறும்பு சைஸ்ல எழுதியிருக்கும், சுண்ணாம்புக்கு நாங்க பொறுப்பில்லன்னு." அவர் சொன்ன வழி, முதலில் தண்ணீரிலிருந்து சுண்ணாம்பைப் பிரிக்கும் ஒரு சாஃப்ட்னர், பாய்லர் அதற்குப் பிறகு. சமையலறைத் தொட்டிக்கு அடியில் அந்த யந்திரம் உட்கார்ந்துகொள்ளுமாம். மாதம் ஒரு மூட்டை உப்பு தின்னுமாம். குடிக்க மட்டும் தனிக் குழாயாம். "எழுபத்தோரு வயசுல என்னை உப்பு மூட்டை தூக்கச் சொல்றீங்களா?" என்றேன். "சின்ன மூட்டைதான் தலைவரே, கல்யாணம் பண்ணினவன் தூக்காத மூட்டையா?" என்றார். மனிதரை எனக்குப் பிடித்துவிட்டது. டீ கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு "பிரமாதம்" என்றவர், அளவு நாடா இருக்கிறதா என்று கேட்டார். அவர் இடுப்பிலேயே ஒன்று தொங்கிக்கொண்டுதான் இருந்தது. நான் போய் எடுத்துக்கொண்டு வருவதற்குள் கோப்பை காலி, அவர் ஜன்னலோரம் அசேலியாவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். "இன்னொண்ணு போடட்டுமா?" என்றேன். வேண்டாம் என்று மூன்று தடவை சொன்னார். பிறகு என் தோளில் கைவைத்து, "தலைவரே, தப்பா நினைக்காதீங்க, இந்தத் தண்ணிக்கு சாஃப்ட்னர் பத்தாது" என்றார். "வேற என்ன பண்றது?" என்றேன். "பாதிரியாரைக் கூப்பிடுங்க" என்றார். அவரும் போனார். கிண்டலைப் பார்த்தீர்களா! ஒரு மனிதன் தன் வீட்டுக்காரி திரும்பி வரவேண்டும் என்று நாதியற்று நிற்கிறான், அவனிடம் பேசுகிற பேச்சா இது?

இதற்கிடையில் தண்ணீர் நாளுக்கு நாள் மோசமாகிக்கொண்டே போனது. சவரத்துக்குக் கெட்டில் தண்ணீரைத்தான் எடுக்கிறேன், கன்னம் திகுதிகு என்று எரிகிறது. கொதித்த தண்ணீரைக் கீழே கொட்டி வீணாக்குகிற ஊதாரி இல்லை நான், மேலே மேலே ஊற்றிக்கொள்வேன், அதனால் கெட்டிலில் எப்போதும் பாதிக்குக் குறையாமல் இருக்கும். மூன்று முறை பால்காரருக்கு உங்கள் பால் திரிகிறது என்று சீட்டு எழுதி வைத்தேன். பாவம், அவர் மூன்று முறையும் மன்னிப்புக் கேட்டு வேறு பால் வைத்தார்.

மூன்றாவது செவ்வாய் வந்தவள் டோனா ஃபிஞ்ச். கோர்டன், நான் அளந்து பேசுகிறவன், ஆனாலும் சொல்கிறேன், இந்த நாட்டில் பாய்லர் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். வந்ததும் எதையும் விற்கப் பார்க்கவில்லை. "வீட்டுல எத்தனை பேர் சார்? யாருக்கு எப்ப வெந்நீர் வேணும்?" என்று கேட்டாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஷாம்புவைச் சொன்னேன், துண்டு அலமாரியைச் சொன்னேன், அவள் போய் அன்றைக்குப் பதினேழு நாள் ஆகியிருந்தது, அதையும் சொன்னேன். குரல் கொஞ்சம் கம்மிவிட்டது, ஜலதோஷம்தான். "அழாதீங்க சார்" என்றாள். "தொட்டியை எடுக்கவே வேணாம். பாய்லருக்குள்ள ஓடுறது ஒரே தண்ணி, திரும்பத் திரும்ப அதுவே சுத்தும், புதுசா சுண்ணாம்பு உள்ள போகாது. படியறதெல்லாம் தொட்டியில இருக்கிற சுருள் குழாய்லதான். அது கெட்டா அதை மட்டும் மாத்திக்கலாம், பாய்லருக்கு ஒண்ணும் ஆகாது. தண்ணி உள்ள வர்ற இடத்துல சின்னதா ஒரு வடிகட்டி மாட்டறேன். மேடத்துக்குத் துண்டும் கதகதன்னு இருக்கும், நீங்க உப்பு மூட்டையும் தூக்க வேணாம்." இத்தனை நாள் முடிச்சை இரண்டே நிமிஷத்தில் அவிழ்த்துவிட்டாள். எனக்குக் கையைப் பிடித்து முத்தம் கொடுக்கலாம் போலிருந்தது, கொடுக்கவில்லை. டீ கொடுத்தேன்.

அவள் முழுசாகக் குடித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது, ஆனாலும் கடைசிச் சொட்டுவரை குடித்தாள். "நல்லாயிருக்கா?" என்றேன். "ம்" என்றாள். அப்படியானால் இன்னொன்று என்று ஊற்றினேன். அதையும் குடித்தாள்! பிறகு எழுந்து போய்க் கெட்டில் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தாள். அப்போதுதான் நானும் பார்த்தேன். உள்ளே பளபளவென்று இருந்தது, கடையில் வாங்கின அன்றுகூட அப்படி இருந்ததில்லை.

"சார், இந்த ஊர்ல சுண்ணாம்பு ஒட்டாத கெட்டிலை நான் பார்த்ததே இல்ல. எப்படி இது?"

"தெரியலையேம்மா. தண்ணிதான் ஊத்தறேன்."

"அப்ப இது சுண்ணாம்புத் தண்ணி இல்ல சார். சுண்ணாம்பையே திங்கற தண்ணி" என்றாள், மிகவும் மெதுவாக.

திங்கட்கிழமை அவளிடமிருந்து கடிதம் வந்தது. நான்கே வரி. என் விருந்தோம்பலுக்கு நன்றி. இருபத்திரண்டு வருஷ அனுபவத்தில் இப்படிப்பட்ட தண்ணீரைக் குடித்ததில்லை. இதைத் தாங்கும் பாய்லர் எதுவும் தனக்குத் தெரியவில்லை, தெரியாத ஒன்றைப் பணம் வாங்கிக்கொண்டு மாட்ட மனசாட்சி இடம் கொடுக்கவில்லை. மாரியனுக்குத் தன் அன்பைச் சொல்லவும்.

படித்ததும் எனக்குக் கோபம் தலைக்கேறியது, டோனா மேல் இல்லை. நாற்பத்தோரு வருஷமாக நான் பணம் கட்டிக் குடிக்கும் தண்ணீர் இது! அன்றைக்கே தண்ணீர் வாரியத்துக்கு ஆறு பக்கம் எழுதி, கெட்டிலிலிருந்து ஒரு பாட்டில் மாதிரியும் எடுத்துப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். தெருவில் வீடு வீடாகப் போய் எச்சரித்தேன். மிஸஸ் பெக் பன்னிரண்டு பாட்டில் தண்ணீர் வாங்கி அடுக்கிவிட்டாள், பூனைக்கும் அதுதான். நேற்று உங்கள் அட்டை வந்த கையோடு வீட்டுத் தரகரையும் வரவழைத்தேன். இதோ, ஜன்னல் வழியாகப் பார்த்தால் முன் தோட்டத்தில் "விற்பனைக்கு" பலகை நிற்கிறது. ஆம், மச்சான். இந்த வீட்டுக்கு வெந்நீர் வராது, வெந்நீர் வராத வீட்டுக்கு மாரியன் வரமாட்டாள், மாரியன் இல்லாத வீட்டில் நான் என்னத்துக்கு? அவளை அந்தச் சோப்பு நுரையிலிருந்து பிரிக்க முடியாதென்றால் நானும் நுரைக்குள் வந்துவிடுகிறேன். சனிக்கிழமை மாலை 4.12-க்கு ஹாலிஃபாக்ஸ் வந்து சேர்கிறேன். இரண்டு அலமாரிகளும் என் பழைய கால அட்டவணைத் தொகுப்புகளும் லாரியில் வரும். முன்பக்க அறையைக் காலி செய்து வையுங்கள். உங்களுக்கு அவசரமில்லாமல் இருக்கலாம், எனக்கு இருக்கிறது.

உங்கள் மனைவி பெரிலுக்கு என் வணக்கம். உங்களுக்கு நீண்ட ஆயுளும், உங்கள் குழாய்க்கு வற்றாத நீரும் கிடைக்க வாழ்த்துகிறேன். மாரியனிடம், பட்டியலில் ஒரு வரியைக்கூட நான் மீறவில்லை என்று சொல்லுங்கள். சாட்சிக்கு அந்தப் பட்டியலையே ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து இதனுடன் வைத்து அனுப்புகிறேன், அவளே பார்த்துக்கொள்ளட்டும்.

நியாயம் தன் பக்கம் உள்ள,
டெஸ்மண்ட் ப்ளூம்ஃபீல்ட்

பின்குறிப்பு, காலை 11.48:

கோர்டன், மேலே எழுதிய எதையும் நீங்கள் படிக்கவில்லை.

பட்டியலை எடுத்தேன். கழுதைக் காந்தம் இருந்த மூலையில், அதன் வயிற்றுக்கு அடியில், "மறுபக்கம் பார்க்கவும்" என்று எழுதியிருந்தது. மறுபக்கம் பார்த்தேன்.

"கெட்டில்: வினிகர் ஒரு மணி நேரம் ஊறினால் சுண்ணாம்பு விட்டுவிடும். பிறகு கொட்டிவிட்டு மூன்று தடவை நன்றாக அலசவும். மறந்துபோய் அதில் யாருக்கும் டீ போட்டுக் கொடுத்துவிடாதீர்கள், டெஸ்மண்ட்."

நாற்பத்தோரு வருஷமாக டீ போட்டது அவள்தான். எனக்கெப்படித் தெரியும்? ஆனால் அந்த மூன்று பேரில் ஒருவராவது "ஐயா, இதை வாயில் வைக்க முடியவில்லை" என்று சொல்லியிருக்கக் கூடாதா? சொல்லமாட்டார்கள். நானும் சொல்லியிருக்கமாட்டேன். பெரில் சுடும் மீன் பண்டத்தைப் பதினொரு வருஷமாக நான் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிடவில்லையா? இந்த வரியையும் படிக்க வேண்டாம்.

தண்ணீர் வாரியம் போனை எடுக்கவில்லை, பாட்டில் இதற்குள் அவர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். டோனா எடுத்தாள். விஷயத்தைச் சொன்னேன். பிறகு, "திங்கட்கிழமை வந்து மாட்டிடறேன் சார். டீ மட்டும் நான் பிளாஸ்க்ல கொண்டு வந்துடறேன்" என்றாள். அசேலியா மூன்று வருஷத்தில் முதல் தடவையாக மொட்டு விட்டிருக்கிறது. புளிப்பு மண்தான் அந்தச் செடிக்குப் பிடிக்கும், சிட்னி கிளெக்கின் உபயம் என்று இப்போது புரிகிறது.

மறுபக்கத்தில் கெட்டிலுக்குக் கீழே இன்னும் நான்கு வரி இருந்தது. அவசரத்தில் எழுதியது, எழுத்து சாய்ந்து கிடந்தது. "வெந்நீர் வந்தால்தான் வருவேன் என்று சொன்னது கோபத்தில். ஒரு வாரத்தில் ஆகவில்லை என்றால் போன் செய்யுங்கள், வந்துவிடுகிறேன். இதைவிடக் குளிரில் நாம் இருந்ததில்லையா? நானாகக் கூப்பிடமாட்டேன், நீங்கள் கூப்பிடவேண்டும்."

இருபத்தாறு நாள், கோர்டன். அங்கே போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாளா அவள்? நீங்கள் ஏன் எனக்கு எழுதவில்லை? எழுதினீர்கள். அவசரமில்லை என்று எழுதினீர்கள். அதற்கும் அவள்தான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்திருப்பாள், எனக்கு ரோஷம் வரட்டும் என்று.

இப்போதுதான் போன் செய்தேன். முதல் மணி முழுசாக அடிப்பதற்குள் எடுத்துவிட்டாள். நான் பெயர்கூடச் சொல்லவில்லை.

"கெட்டிலை அலசினீங்களா?" என்றாள்.

"அலசிட்டேன்" என்றேன். பொய் இல்லை, அலசி பத்து நிமிஷம் ஆகியிருந்தது. மூன்று தடவை.

முன்பக்க அறையைக் காலி செய்ய வேண்டாம். சனிக்கிழமை காலை 9.35 வண்டிக்கு அவளை ஸ்டேஷனில் கொண்டுவந்து விடுங்கள், நான் இங்கே பிளாட்பாரத்தில் நிற்பேன். இந்தக் கடிதத்தை உடனே அடுப்பில் போட்டுவிடுங்கள். உறையில் தபால்தலை ஒட்டிவிட்டேன், இல்லாவிட்டால் அனுப்பியே இருக்கமாட்டேன்.